மீட்டும் கையின் பக்கம் நின்று: ராக், மெட்டல் இசை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராக், மெட்டல் இசையைக் கேட்டும் அதைப் பற்றி ஓயாது வாதிட்டும் வரும் ரசிகப் பெருமக்களுக்கு,



மெட்டல் இசை ரசிகர் நால்வர் கூடும் இடத்தில் எந்த ஆல்பம் சிறந்தது என்ற பேச்சு எழுந்தால், அது எந்தக் கிடார் கலைஞர் சிறந்தவர் என்ற பேச்சாகவும், அதிலிருந்து எவருடைய சோலோ சிறந்தது என்ற பேச்சாகவும் சுருங்கிவிடுவதை இவ்விசையோடு பழகிய எவரும் அறிவர். சோலோ என்பது குரல் ஓய்ந்திருக்கும் வேளையில் ஒரு கிடார் மட்டும் முன்வந்து தன் கற்பனையையும் விரல் வன்மையையும் காட்டும் பகுதி. அப்பகுதியை முன்வைத்து ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிகின்றனர்: நொடிக்கு எத்தனை சுரம், எவ்வளவு துல்லியம் என்று பார்ப்பது ஓர் அணி; சுரங்கள் குறைந்தாலும் நெஞ்சைத் தொட வேண்டும் என்று கேட்பது மற்றோர் அணி. ஒன்றையொன்று மறுத்து நிற்கும் இவ்விரு அணிகளும் எடுத்துக்கொள்ளும் பொருள் என்னவோ ஒன்றுதான். ஐந்து நிமிடப் பாடலில் அரை நிமிடம் நீளும் அந்த ஒரு பகுதிக்கு வெளியே இரண்டுமே செவிசாய்ப்பதில்லை. மெட்டல் இசையின் உடல் எஞ்சிய நான்கரை நிமிடத்தில்தான் இருக்கிறது என்பதும், அதைக் கட்டி எழுப்புவது தந்தியை மீட்டும் கையே என்பதும், ஆல்பங்களின் தரத்தை அக்கையைக் கொண்டு எடைபோடாத வாதம் முழுமை பெறாது என்பதும் இம்மடலின் நிலைப்பாடு.

1986 மார்ச்சில் வெளிவந்த மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளலாம். எட்டரை நிமிடத்தைத் தாண்டும் இப்பாடலில் சோலோ என்று வரையறுத்துச் சொல்லத்தக்கது சிறு பகுதியே. பாடலைத் தாங்கிச் செல்வது ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப ஒலித்துப் பாடலுக்கு முகம் கொடுக்கும் குறுகிய கிடார்த் தொடர். இந்த ரிஃப்பை ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு வாசிக்கும் முறைக்கு டவுன்பிக்கிங் என்று பெயர்; பிக் எனப்படும் சிறு தகட்டால் தந்தியை மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே மீட்டி, திரும்பும் வழியில் தந்தியைத் தொடாமல் கையை மேலே கொண்டுவருவது அம்முறை. மேலும் கீழுமாக மாறிமாறி மீட்டினால் பாதி உழைப்பில் அதே வேகத்தை எட்டிவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒலி மாறிவிடும். கீழ்நோக்கிய மீட்டல் தடித்த தந்தியை முதலில் அடைந்து கையின் எடையோடு விழுகிறது, மேல்நோக்கிய மீட்டலோ மெல்லிய தந்தியை முதலில் அடைவதோடு எடையிலும் குறைந்து விடுகிறது. எல்லா மீட்டலும் ஒரே திசையில், ஒரே எடையில் விழும்போது பிறக்கும் இறுக்கமே இப்பாடலின் உயிர். தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 210 தட்டுகள் ஓட, தட்டுக்கு இரண்டு மீட்டல் என்று கொண்டால் நொடிக்கு ஏழு முறை அந்தக் கை கீழிறங்கி மேலேற வேண்டியிருக்கிறது. அத்தோடு ஹெட்ஃபீல்டு பாடவும் செய்கிறார். டவுன்பிக்கிங் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவில் ஜானி ரமோன் 1970-களில் நிலைநாட்டிய வழக்கம் என்பதும், மெட்டல் ரசிகர் பலர் எளிய இசை என்று ஒதுக்கும் பங்க்கிலிருந்து இம்முறை மெட்டலுக்கு வந்தது என்பதும் வாதங்களில் அரிதாகவே நினைக்கப்படுகின்றன.

இம்மீட்டலோடு இணைந்தே வருவது பாம் மியூட் எனப்படும் உத்தி. மீட்டும் கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சதைப்பகுதியைத் தந்திகள் கிடாரின் உடலில் ஊன்றியிருக்கும் இடத்தருகே மெல்லப் பதித்து, ஒலி நீளாமல் அடக்கி, ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி நிறுத்துவது அது. கை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுரம் செத்துப்போகும், பின்னே நகர்ந்தால் அடக்கமின்றி ஒலிக்கும். அழுத்தம் கூடினால் சுருதி உயர்ந்துவிடும். இந்நுட்பத்தைக் காணொளியில் கண்டு வியப்பதற்கு எதுவுமில்லை, கை அசைவதே தெரியாது. விரல்கள் கிடாரின் கழுத்தில் ஓடும் காட்சி கண்ணைக் கவர்வதால், பார்க்கத்தக்க திறமை கேட்கத்தக்க திறமையை வாதங்களில் முந்திவிடுகிறது.

ரிஃப்புகள் ஏன் பவர் கார்டுகளில் அமைகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், இவற்றை எளியவை என்று இகழும் பழக்கமும் குறையும். பவர் கார்டு என்பது ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிக்கும் இணை. மேலை இசையின் வழக்கமான கார்டில், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டில், இடம்பெறும் காந்தாரம் இதில் இல்லை. காந்தாரத்தை விட்டது சோம்பலால் என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இதற்குக் காரணம் டிஸ்டார்ஷன். ஒலிபெருக்கியான ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது ஒலியலையின் முகடு மழுங்கிச் சிதைவதே டிஸ்டார்ஷன். அவ்வாறு சிதையும்போது இரண்டு சுரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அடிச்சுரம் 100 என்றால் பஞ்சமம் ஏறத்தாழ 150; இவற்றிலிருந்து பிறக்கும் 50, 200, 250 முதலிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அவற்றுள் 50 என்பது அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்து முழக்கத்துக்குக் கனம் தருகிறது. கிடாரில் அந்தர காந்தாரமோ, சுருதியைச் சமமாகப் பங்கிடும் முறையால் 125-இல் நில்லாமல் 126 அளவுக்கு விலகி நிற்பதால், அதிலிருந்து 26, 74, 152 என்று ஒட்டாத அதிர்வெண்கள் பிறந்து ஒலி சேறாகிவிடுகிறது. 1958-இல் லிங்க் ரே தம் ஆம்ப்பின் ஒலிபெருக்கித் தாளில் பென்சிலால் துளையிட்டு ‘ரம்பிள்’ இசைத்த நாளிலிருந்து, கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் தம்முடையதைப் பிளேடால் கீறியது வரை, சிதைந்த ஒலியை விரும்பித் தேடியவர்கள் இந்த இணையைக் காதால் கண்டடைந்தார்கள்.

டோனி ஐயோமியின் வரலாறு ரசிகர்கள் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அது விபத்தை வென்ற வீரக்கதையாக மட்டும் சொல்லப்பட்டு, அதிலிருக்கும் இசைச் செய்தி தவறிப்போகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த பதினேழு வயது ஐயோமி, எந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். இடக்கையால் மீட்டுபவர் என்பதால் அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. 1928-இல் தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டின் இயக்கத்தை இழந்தும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கொடுத்துக் கேட்கச் செய்ததும், ஐயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டதும் பின்னர் நடந்தவை. அந்த விரல்களுக்குத் தடித்த தந்தியின் விறைப்பு வலித்ததால் மெல்லிய தந்திகளைத் தேடினார். 1971-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் சில பாடல்களில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுர அளவு கீழிறக்கினார். தளர்ந்த தந்தி தாழ்ந்து முழங்கியது. பின்வந்த டூம், ஸ்டோனர் என்ற மெட்டல் வகைகள் முழுவதும் அந்த முழக்கத்திலிருந்து கிளைத்தவையே. 1970 பிப்ரவரி 13 அன்று வந்த பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தின் முதற்பாடலிலோ, அவர் எடுத்துக்கொண்டவை மூன்றே சுரங்கள்: ஷட்ஜமம், மேல் ஷட்ஜமம், பிரதி மத்தியமம். அவற்றை மெதுவாக, இடைவெளி விட்டு மீட்டியதில் ஓர் இசைவகையே பிறந்திருக்க, நொடிக்கு எத்தனை சுரம் என்ற அளவுகோலும் உருக்கம் எவ்வளவு என்ற அளவுகோலும் அங்கே எதை அளக்கும்?

வேகத்தை இகழ்வது இம்மடலின் நோக்கமன்று. 1978-இல் வெளிவந்த எடி வான் ஹேலனின் ‘இரப்ஷன்’ ஒரு நிமிடம் 42 நொடிகளில், மீட்டும் கையின் விரலையும் கிடாரின் கழுத்துக்குக் கொண்டுசென்று தந்தியைத் தட்டி ஒலிக்கச் செய்யும் டேப்பிங் முறையைப் பொதுவழக்காக்கியது. ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971-இலேயே அதைக் கையாண்டிருந்தாலும், அதை ஒரு தலைமுறையின் ஆசையாக்கியவர் எடி வான் ஹேலன். இங்வி மால்ம்ஸ்டீன் 1984-இன் ‘ரைசிங் ஃபோர்ஸ்’ ஆல்பத்தில் பகானினியின் வயலின் மரபைக் கிடாருக்குக் கொண்டுவந்தபோது கையாண்ட ஹார்மோனிக் மைனர், நம் கீரவாணியின் சுரவரிசையே. இத்தகைய வேகத்திலும் மீட்டும் கையின் ஒழுங்கே முதன்மை; அழுத்தும் கை எவ்வளவு விரைந்தாலும், இரு கைகளும் ஒரே கணத்தில் சந்திக்காவிட்டால் சுரங்கள் குழைந்துவிடும். ‘பிளிசர்ட் ஆஃப் ஓஸ்’ ஆல்பத்தில் ராண்டி ரோட்ஸ் ஒரே சோலோவை மீண்டும் மீண்டும் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தபோது, அவை பிசகாமல் ஒன்றியதை வேகம் என்ற சொல் விளக்காது.

உருக்கத்தை முன்வைக்கும் அணியும் ஒன்றை ஏற்க வேண்டியிருக்கிறது. ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாடலின் இறுதி சோலோவை உள்ளத்திலிருந்து ஒரே மூச்சில் பெருகிய ஒன்றாகக் காட்டி, நுட்பவாதிகளை மறுப்பது வழக்கம். டேவிட் கில்மோரோ பல முறை வாசித்துப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பகுதிகளைத் தேர்ந்து கோத்து அதை உருவாக்கியதாகத் தாமே கூறியிருக்கிறார். அது உருக்கத்தைக் குறைப்பதில்லை. தேர்வும் உழைப்பும் உருக்கத்தின் பகுதிகள் என்பதைத்தான் காட்டுகிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்தைத் துல்லியமாகத் தொட்டு, அங்கே அசைவு கொடுத்து நிறுத்துவது அவருடைய கலை. வீணையில் கமகம் பயின்ற எவருக்கும் அது எத்தனை ஆண்டுப் பயிற்சியின் விளைவு என்பது சொல்லாமலே விளங்கும். இவ்விரு மரபுகளும் நேரில் சந்தித்ததும் உண்டு: 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்த கிடாரைக் கையாண்டது இத்தகைய சுர இழுப்புகளுக்காகவே. ஆகவே உணர்ச்சியும் நுட்பமும் எதிரிகள் என்ற அடிப்படையே பிழையானது. அந்த அடிப்படையில் ஆண்டுக்கணக்கில் நடந்துவரும் வாதம் எங்கும் சென்று சேராததில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, மீட்டும் கையைக் கேட்கத் தொடங்கினால் வாதத்துக்கு எத்தனை புதிய பொருள் கிடைக்கிறது என்பதற்கு ஏசி-டிசியின் மால்கம் யங் தக்க சான்று. 1980 ஜூலையில் வெளிவந்து அமெரிக்காவில் மட்டும் 25 மில்லியனுக்கு மேல் விற்பனைச் சான்று பெற்ற ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தில் சோலோக்கள் தம்பி ஆங்கஸுடையவை; ஆனால் பாடலின் நடையைத் தீர்மானிப்பவர் அண்ணன். தடித்த தந்திகள் பூட்டிய கிரெட்ச் கிடாரில், பலரும் நினைப்பதைவிட மிகக் குறைந்த டிஸ்டார்ஷனில் அவர் வாசித்தார். அதிகமான டிஸ்டார்ஷன் பிழைகளை மூடி மறைத்து எல்லா மீட்டலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும்; குறைந்த டிஸ்டார்ஷனில் கையின் ஒவ்வொரு ஏற்றத்தாழ்வும் வெளிப்படும். ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் இடையில் அவர் விடும் மௌனம் அவ்வளவு சரியாக விழுவதால்தான் டிரம் அடி தனித்துக் கேட்கிறது. சிறந்த கிடார் கலைஞர்களின் பட்டியல்களில் ஆங்கஸ் முன்வரிசையிலும் மால்கம் பின்வரிசையிலும் இடம்பெறும் வழக்கம் இம்மடலின் பார்வையில் நியாயமற்றது.

மெட்டலின் கடுமையான ஒலிக்கு ஆம்ப்பை முழுவதும் திருகிவைப்பதே வழி என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததே. ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரே ரிஃப்பை இருமுறை தனித்தனியே வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைக்கும் டபுள் டிராக்கிங் முறையே அந்த அகன்ற முழக்கத்தைத் தருகிறது. இரு வாசிப்புகளுக்கும் இடையே இயல்பாக நேரும் நுண்ணிய வேறுபாடு ஒலியை விரிக்கிறது, வேறுபாடு சற்று மிகுந்தாலோ எல்லாம் கலங்கிவிடுகிறது. மெட்டாலிக்காவின் தொடக்க ஆல்பங்களில் ரிதம் கிடார் பகுதிகளை, அதாவது பாடலின் தாளத்தையும் கார்டையும் தாங்கும் பகுதிகளை, பெரும்பாலும் ஹெட்ஃபீல்டு ஒருவரே அடுக்கடுக்காகப் பதிந்ததற்குக் காரணம் இதுவே. இரு வேறு கைகள் அவ்வளவு நெருங்குவது கடினம்.

இங்கிருந்து ஆல்பங்களைப் பற்றிய வாதமும் வேறு முகம் கொள்கிறது. ஸ்வீடனின் என்டூம்ட் குழு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி 1990-இல் வெளியிட்ட ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தில், பாஸ் நிறுவனத்தின் எச்.எம்-2 பெடலின் எல்லாக் குமிழ்களும் முழுவதும் திருகப்பட்டு, ரம்பம் அறுக்கும் ஒலி ஒன்று பிறந்து ஒரு நாட்டின் டெத் மெட்டலுக்கே அடையாளமாயிற்று. நார்வேயின் டார்க்த்ரோன் 1994-இல் வெளியிட்ட ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தை நான்கே தடங்கள் கொண்ட எளிய கருவியில் பதிந்தது. அதில் ட்ரெமொலோ பிக்கிங், அதாவது ஒரே சுரத்தை மேலும் கீழுமாக இடைவிடாது விரைந்து மீட்டும் முறை, ஒலியை ஒரு திரையாக விரிக்கிறது. டவுன்பிக்கிங்கின் வெட்டு இதில் அறவே இல்லை. பான்டெராவின் டைம்பேக் டேரலோ வால்வ் ஆம்ப் மட்டுமே உயர்ந்தது என்ற கொள்கையைப் புறந்தள்ளி, டிரான்சிஸ்டரில் இயங்கும் ராண்டால் ஆம்ப்பைக் கொண்டு 1992-இன் ‘வல்கர் டிஸ்பிளே ஆஃப் பவர்’ ஆல்பத்தின் கத்தரித்த ஒலியைப் பெற்றார். ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ ஆல்பத்தின் சோலோக்களைச் சுரவொழுங்கு கொண்டு மதிப்பிட்டால் தேறமாட்டா. ஆனால் 29 நிமிட ஆல்பத்தில் அந்த ரிஃப்புகளின் கறாரான ஒழுங்கின்மேல் அவற்றின் அலறல் பொருத்தமாகவே விழுகிறது.

ரசிகர்கள் ஒரு வகை வாதத்தை மட்டும் மிகச் சரியாக நடத்தியிருக்கின்றனர் என்பதைப் பாராட்டோடு குறிப்பிட வேண்டும். மெட்டாலிக்கா 1988-இல் வெளியிட்ட ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் கிடார் ஏறக்குறைய கேட்பதே இல்லை. முந்தைய பாஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தபின் வந்தவர் மீதான புறக்கணிப்பு என்று ஒரு சாராரும், பாஸ் ரிதம் கிடாரைச் சுரத்துக்குச் சுரம் பின்பற்றியதோடு கிடாரின் கீழ்ச்சுரக் கனமும் மிகுந்திருந்ததால் அது கரைந்துவிட்டது என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர். பாஸைக் குறைக்கும்படி குழுவின் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக் கேட்டதாக, ஒலிகளைக் கலந்து அளவமைத்த ஸ்டீவ் தாம்ப்சன் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். ரசிகர்களோ பாஸை உயர்த்திய தங்கள் சொந்தப் பதிப்புகளையே உருவாக்கிக் காட்டினார்கள். 2018-இன் மறுவெளியீட்டிலும் குழு பழைய ஒலிக்கலவையை மாற்றவில்லை. 2008-இல் அக்குழுவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் அளவுக்கு மீறிய ஒலியுயர்த்தலால் சிதைந்திருந்ததையும், ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்களில் ஏற்றத்தாழ்வு தெளிவாக இருந்ததையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர்களும் ரசிகர்களே. அங்கெல்லாம் அவர்கள் பெயரையும் புகழையும் விட்டுவிட்டுக் காதில் விழுந்ததை வைத்து வாதிட்டார்கள்.

மெஷுகா குழு 2008-இல் வெளியிட்ட ‘ஆப்சென்’ ஆல்பத்தின் ‘பிளீட்’ பாடலுக்கு அதே செவி தேவைப்படுகிறது. எட்டுத் தந்திக் கிடார்களும் கால்களால் இயக்கும் இரட்டைப் பாஸ் டிரம்மும் ஒரே சொற்கட்டில் பூட்டிக்கொண்டு, நான்கு எண்ணிக்கைத் தாளத்தோடு ஒட்டாமல் அதைக் கடந்து ஓடிக்கொண்டேயிருக்க, டிரம் கலைஞரின் கை மட்டும் சிம்பலில் நான்கின் கணக்கை விடாமல் பிடித்திருக்கிறது. தாளக் கணக்கில் பழகிய செவிக்கு இங்கே பெரும் விருந்து இருக்கிறது. சோலோவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செவிக்கோ, ஒரே சுரம் சலிப்பூட்டும்படி திரும்பத் திரும்ப ஒலிப்பதாகத் தோன்றும்.

மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ சிறந்ததா, ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ சிறந்ததா என்ற தீராத வழக்கு அடுத்த முறை எழும்போது, ஹெட்ஃபோனின் ஒருபுறத்தை மட்டும் அணிந்து ஒரு முறையும், மறுபுறத்தை அணிந்து ஒரு முறையும் இரண்டு ஆல்பங்களையும் கேட்டுவிட்டு ரசிகர்கள் அமர்வார்களாக. மார்ட்டி ஃப்ரீட்மன் ‘டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்’ பாடலில் வாசித்த சோலோவுக்கு இணையாக மற்ற ஆல்பத்தில் எதுவுமில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை; டேவ் மஸ்டெய்ன் ‘ஹோலி வார்ஸ்’ ரிஃப்பை வாசித்தவாறே பாடுவதும் எளிதன்று. எனினும், ரிஃப்பிலிருந்து ரிஃப்புக்கு மாறும் இடங்களில் மீட்டலின் எடை தளராமல் தலைப்புப் பாடலின் எட்டரை நிமிடமும் நிற்பதிலும், அடக்கிய சுரமும் திறந்த சுரமும் மாறிமாறி வந்து பாடலின் அமைப்பைத் தாமே வரைந்து காட்டுவதிலும் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ முந்துகிறது என்பது இம்மடலின் தீர்ப்பு. இதை மறுப்போர், ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தில் எந்தப் பாடலின் எந்த ரிஃப், மீட்டும் கையின் எந்த வேலையால் இதை விஞ்சுகிறது என்று சுட்டிக்காட்டி மறுக்க வேண்டுமாய் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.